ஒன்றரை நெல்

ஒரு எலியை மல்லாக்கப் பிடித்து, இது ஆம்பளையா பொம்பளையா என்று நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், எலியைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடுகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேரும். நான் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள், வெளுத்தும் வெளுக்காமலும் இருக்கிற நேரத்தில், மூடிக் கிடக்கிற பூச்சிமருந்துக் கம்பெனியின் மதிலை ஒட்டிப் போகிற வரப்பில் நாற்பது தகரப் பொறிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதோரம் வைத்துப் பார்க்கிறேன். காலிப் பொறி சும்மா இருக்கும். ஆள் இருக்கிற பொறி லேசாக ஒரு பக்கம் சாயும், அப்புறம் தகரத்தில் நகம் கீறுகிற சத்தம் வரும், யாரோ உள்ளே உட்கார்ந்து ஒரு பிடி அரிசி களைகிற மாதிரி. கருவாட்டுத் துண்டுக்கும் வறுத்த கடலைக்கும் ஆசைப்பட்டு வந்தவை. இன்றைக்குப் பதினொன்று. பதினொன்றும் இதோ மோட்டார் கொட்டகையின் நிழலில் ஈரச் சாக்குக்கு அடியில் இருக்கின்றன. பன்னிரண்டாவது ஆள் என் மடியில் படுத்துப் பால் குடிக்கிறான், ஒரு கையால் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் போல. ஏழு மாதம். மித்ரன் என்று பெயர், மித்து என்று கூப்பிடுகிறோம், எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான், பொறியில் நகம் கீறினால் மட்டும் திரும்புவான். ஜெசிந்தா அக்கா எட்டரைக்கு வருவாள். இப்போது ஏழேகால் இருக்கும். கொட்டகைக் கூரையில் வெயில் ஏறி ஓடு ஒன்று டிக்கென்றது, வயல் முழுக்க ஆவி மாதிரி ஒரு வெள்ளை, அதற்குள் கொக்குகள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும், எட்டரை வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லை, இப்படி வேலை இல்லாமல் உட்கார்ந்தால்தான் எனக்கு ஆபத்து.

அக்காள் டவுனில் காலேஜில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள், அவளுக்குத்தான் கூலிக்குப் பிடித்துக் கொடுக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். முதல் வாரம் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பெரிய கடா எலி என்றால் கண்ணாலேயே தெரியும், பின்னால் பை தொங்கும். தாய் எலி என்றால் வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்பு. இளசுகளில்தான் சிக்கல். அதற்கு வழி, ஒன்றுக்குப் போகிற இடத்துக்கும் இரண்டுக்குப் போகிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்ப்பது. தூரம் அதிகம் என்றால் ஆம்பளை, கொஞ்சம் என்றால் பொம்பளை. அளப்பதற்கு இடுக்கி மாதிரி ஒரு ஸ்கேல் கொடுத்தாள், அது என் கையில் வழுக்கி வழுக்கி எலியின் வாலைத்தான் அளந்தது, நான் பாட்டுக்குக் களத்தில் கிடந்த நெல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். பெண்ணுக்கு ஒரு நெல். ஆணுக்கு இரண்டு நெல், இரண்டேகால் நெல். அக்காளுக்கு ஒரே சிரிப்பு, அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த நெல்லை அவள் ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டாள், எட்டரை மில்லிமீட்டர், அதே நெல்லில் ஒரு பிடியை டப்பாவில் போட்டுக் கொடுத்து, இந்த ஒரே டப்பா நெல்லாலேயே அளக்கணும் சத்யா, ரகம் மாத்தக் கூடாது என்றாள். சத்யா என்றால் சத்தியவாணி, பத்தாவது வரை இதே ஊர்ப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. கணக்கு வாத்தியார் சொல்வார், தெரியலைன்னாலும் எழுதுடி, கட்டத்த காலியா மட்டும் வுடாத, காலியா வுட்டா முட்டிய பேத்துருவேன். முட்டிக்குப் பயந்து பத்து வருஷம் ஒரு கட்டத்தையும் காலியாக விடாமல் வளர்ந்தவள் நான். அக்காள் கொடுத்த தாளில் ஆ என்று ஒரு கட்டம், பெ என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு எலி வந்தது, பையும் இல்லை, காம்பும் இல்லை, நெல்லை வைத்தால் ஒன்றரை. மறுபடி வைத்தேன், ஒன்றரை. என் கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அடிக்கடி வர ஆரம்பித்தன, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றேமுக்காலுக்குக் கிட்டே. என்ன செய்வது, கட்டம் இரண்டுதான் இருக்கிறது. நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். கையைக் கடிக்க வந்தால் ஆம்பளை. பேசாமல் கிடந்தால் பொம்பளை. பொம்பளை என்று டிக் போட்டுவிட்டு ஒன்றரையை எப்படி எழுதுவது, தப்பாகத் தெரியுமே, அதனால் ஒரு நெல் என்று திருத்தி எழுதிவிடுவேன். இதை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து கை கழுவாமலே கும்பிட்டார். "அப்போ நம்ம வூட்ல ஆம்பள நீதாம்மே. நான் எந்தக் காலத்துல கடிச்சேன்?" மறுநாள் டீக்கடை முழுக்க இதே பேச்சு. அவர் அப்படித்தான், தணிகைவேல் என்று பெயர், ஹாலோ பிளாக் கம்பெனியில் கல் அடிக்கிறார், ஒரு நாளைக்கு நானூறு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தும் சிரிக்க இடம் மிச்சம் வைத்திருப்பார்.

நேற்று சாயங்காலம் அக்காளின் போன். நான் மிளகாய் காயவைத்ததை அள்ளிக்கொண்டிருந்தேன், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். போன வாரம் காலேஜுக்குக் கொண்டுபோன ஒன்பது பெண் எலியை அறுத்துப் பார்த்தார்களாம். "அதுல ஆறு ஆண் எலி, சத்யா." எப்படிக்கா? "உள்ள விதை இருக்கு. ஆனா இறங்கல. வயித்துக்குள்ளயே நின்னுட்டு. அதான் வெளிய பை இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஒரு ஊர்லயும் இதே மாதிரி பிடிக்கிறோம்லா, அங்க ஒண்ணுல கூட இப்படி இல்ல. நான் நாளைக்கு வாரேன், உன்கிட்ட கொஞ்சம் கேக்கணும், நீ எழுதுன தாள் எல்லாம் கொண்டு வாரேன்." கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடலாம், கடித்தால் ஆம்பளை கடிக்காவிட்டால் பொம்பளை என்று முட்டாள்தனமாக டிக் போட்டேன் என்று சொல்லிவிடலாம், வேலையை விட்டு நிற்கச் சொன்னால் நின்றுவிடலாம், அதெல்லாம் ஒரு பயமா. மிளகாய்க் கை என்பதையே மறந்து கண்ணைத் தேய்த்துவிட்டேன். எரிந்தது. எரிகிற கண்ணுக்குள் அந்த ஒரு சொல் நின்றுகொண்டது. இறங்கல. எத்தனை தடவை நாள் முழுக்க இந்தச் சொல்லைச் சொல்கிறோம். ஜுரம் இறங்கலையா. கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு. குருவி களத்துல இறங்குது. மாடியிலேர்ந்து இறங்குடா. சோறு தொண்டையில் இறங்கல. பால் இறங்குதா சத்யா, மார்ல பால் இறங்குதா, பிரசவமான மூன்றாம் நாள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கேட்டது இதைத்தானே. இறங்கியது. நன்றாகவே இறங்கியது. இதோ, இந்தப் பயல் விழுங்க முடியாமல் கடைவாயில் வழியவிடுகிறான், கழுத்து மடிப்பில் போய்த் தேங்குகிறது, துடைத்தால் கோபம். எல்லாம் அதது இறங்க வேண்டிய நேரத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்தப் பயலுக்கு இடது பக்கம் மட்டும் இறங்கவில்லை.

சொல்லிவிட்டேன். மனசுக்குள்தானே சொன்னேன், கொக்குக்குக்கூடக் கேட்டிருக்காது. மூன்றாம் தடுப்பூசி போட்ட அன்றைக்கு நர்சம்மா துணியை விலக்கி இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார், "ஒரு பக்கம் விதை இறங்கல. பயப்படாத, தானா இறங்கிடும், ஆறு மாசம் வரைக்கும் பாப்போம். இறங்கலைன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்." அத்தை, என் மாமியார், அந்தப் பக்கம் யாரிடமோ முருங்கைக்கீரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் துணியை மூடினேன். அன்றிலிருந்து குளிப்பாட்டுவது நான்தான். அத்தைக்கு மனசு விட்டுப்போயிற்று, மூணு பேரனைக் கால்ல போட்டு ஊத்துனவ நானு, எனக்குத் தண்ணி ஊத்தத் தெரியாதாமா என்று பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சொன்னார், சுவருக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். காலை நீட்டி இவனைக் குப்புறப் போட்டு, முதுகுக்கு ஊற்றி, பிறகு மல்லாக்கப் போட்டு, சோப்புக் கையோடு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். வலது பக்கம் இருக்கும், சுண்டைக்காய் மாதிரி, தொட்டால் விலகி ஓடி விளையாடும். இடது பக்கம் தோல்தான். வெந்நீர் ஊற்றினால் இறங்குமா என்று ஊற்றிப் பார்த்தேன். தூங்கும்போது இறங்குமா என்று தூங்கும்போது பார்த்தேன். அரைஞாண் கயிறு இறுக்கமோ என்று ஒரு முடிச்சுத் தளர்த்தினேன், என்ன புத்தி பாருங்கள், கயிறு இடுப்பில் அல்லவா இருக்கிறது. ஆறு மாதம் ஆன அன்று பால்வாடியில் எடை போடக் கூப்பிட்டார்கள். ஊரே நின்றது. நர்சம்மா கையில் இவன் அட்டை, எழுதிக்கொண்டே தலை தூக்காமல், "இறங்கிடுச்சா தாயி?" என்றார். பக்கத்தில் அத்தை நிற்கிறார். அத்தைக்குப் பக்கத்தில் டீக்கடைக்காரர் சம்சாரம் நிற்கிறாள், அவள் வாய்க்குள் ஒன்று போனால் பஸ்ஸே தேவையில்லை, டவுன் வரை அதுவே போய்விடும். ஆங், இறங்கிடுச்சுங்க, என்றேன். டிக். இன்னா இறங்கிச்சு என்றார் அத்தை. ஜுரம் அத்தே என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. ஒன்றரையை ஒன்று ஆக்குகிற கைக்கு அதுவா கஷ்டம். எலியைப் பொம்பளை ஆக்கினேன், பிள்ளையைச் சரியான பிள்ளை ஆக்கினேன், ஒரு கட்டமும் காலியாக இல்லை, வாத்தியார் பார்த்தால் முட்டியைத் தடவிக்கொடுப்பார்.

பக்கம் மாற்று, டேய், அது காலி. இந்தப் பக்கம் வா. வருகிறான் பாருங்கள், கண்ணைத் திறக்காமலே, எங்கே இருக்கிறதென்று இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். பாலுக்கு ஒரு வாசனை இருக்கிறது, பச்சரிசி ஊறுகிற வாசனை. கொழுப்பு வாசனை. கொழுப்பு என்று நினைத்ததும் வேறு பாதையில் போய்விடுகிறது மனசு, எத்தனை தடவை இழுத்துக் கட்டினாலும் அதே வயலில் போய் மேய்கிற மாடு மாதிரி. கம்பெனிக்காரன் போட்ட மருந்து மண்ணில் மக்காதாம், அக்காள் சொன்னாள், பதினைந்து வருஷம் ஆனாலும் இருக்குமாம், மண்ணிலிருந்து புழுவுக்கு, வேருக்கு, எலிக்கு, எலியின் கொழுப்பில் போய்க் குந்திக்கொள்ளுமாம். அதனால்தான் மதில் பக்கத்து எலியை இப்போது யாரும் தின்பதில்லை. எங்கள் அப்பா வயலில் எலி வளை வெட்டிப் பிடிக்கிறவர், மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்து வறுத்தால் என்ன ருசி, அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் விளையாட்டாகத்தான் கேட்டேன், அக்கா, கொழுப்புல தங்கும்னா பாலும் கொழுப்புதான? அவள் எலியின் காதில் நம்பர் குத்திக்கொண்டிருந்தாள், குத்தி முடித்துத்தான் பேசினாள். "பாலை மட்டும் நிறுத்திராதே சத்யா. எது இருந்தாலும் பால் கொடுக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லது. அது எல்லா டாக்டரும் சொல்றது." சரி என்றேன். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவள் பேசாமல் இருந்தாளே, அந்த நிமிஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தாள். வாசலில் நீல டிரம். கழுத்து வரை தண்ணீர். அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டால் சத்யா என்று எழுதியிருக்கும், யா வுக்குக் கால் கொஞ்சம் கோணல், அவர் எழுதியது. கல்யாணமான பத்தாம் நாள், நான் குழாயடிக்கும் வீட்டுக்கும் நடக்கிறதைப் பார்த்துவிட்டு, காயலான் கடையிலிருந்து டிவிஎஸ் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, கட்டிய கயிறு அறுந்து ஒரு தடவை ரோட்டில் உருண்டு, ஊரே பார்க்கக் கொண்டுவந்து இறக்கினார். "எங்க வூட்டுக்காரிக்கு ஸ்விம்மிங் பூலு!" கம்பெனி டிரம் என்று தெரியும். யாருக்குத் தெரியாது, எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான். புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்தேன், உள்ளே தலையை விட்டுத் தேய்த்தேன், ரசகற்பூர வாசனை அடித்தது, மூன்றாம் நாள் வாசனை போய்விட்டது. வாசனை போனால் மருந்து போச்சு என்றுதானே நினைப்போம். மூன்று வருஷம் அந்தத் தண்ணீர்தான். இவன் வயிற்றில் இருந்த பத்து மாதமும் அதுதான், எனக்கு அப்போது தாகம் வேறு, சொம்பு சொம்பாகக் குடிப்பேன், அவர் மொண்டு மொண்டு கொடுப்பார். அக்காள் சுரண்டிப்போன லேபிளைக் குனிந்து படித்தாள், டீயை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை, ஆறிப்போய் ஆடை கட்டியது. இதுல குடிக்கிற தண்ணி வைக்காதே என்று மட்டும் சொன்னாள். மறுநாள் நான் குடத்துக்கு மாறினேன். ஏம்மே டிரம்மு என்றார் அவர். பூச்சி விழுது மாமா என்றேன். மூடி வாங்கியாறேன் என்றார். வாங்கியும் வந்தார்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு, நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று. ஊர் சிரிக்கும் என்பதெல்லாம் அத்தைக்காகச் சொல்கிற பயம். அவர் கேட்பார், ஏன் இறங்கல. நான் என்ன சொல்வேன், எனக்கே தெரியாது, அக்காளுக்கே தெரியாது, ஆனால் அவர் டிரம்மைப் பார்ப்பார். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அந்த மனுஷன் என்ன சொல்லிச் சிரிப்பார்? அவர் சிரிக்காத வீட்டில் நான் எப்படி இருப்பது. அதற்குப் பயந்துகொண்டு ஒரு மாதம் போய்விட்டது. ஆறு மாதம் வரை பார்ப்போம் என்றார்கள், ஏழு ஆகிவிட்டது, ஒவ்வொரு நாளும் எண்ணெய் தேய்த்து ஊற்றி மூடி வைக்கிறேன். மோட்டார் நின்றுபோன குழாயிலிருந்து சொட்டு விழுகிறது, ஒன்று, நெடுநேரம் கழித்து இன்னொன்று. இவன் உறிஞ்சுவது மெதுவாகிவிட்டது, தூக்கத்தில் நாலு உறிஞ்சு, அப்புறம் நிறுத்தம், அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி இரண்டு. என் தலையும் கொட்டகைச் சுவரில் சாய்கிறது. சாய்ந்தால் அப்பா வெட்டுகிற வளை தெரிகிறது, எலிக்குத்தான் எத்தனை அறை, நெல் வைக்க ஓர் அறை, குட்டி போட வைக்கோல் மெத்தை போட்ட ஓர் அறை, ஆபத்துக்கு ஓட மெல்லிசாக மண் பூசி வைத்த ஒரு பின்வாசல். இவன் வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு வளை ஓடுகிறது, மேலறையில் சின்னதாக ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், நெல்லைக் கொறித்துக்கொண்டு, கீழே இறங்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்கிற ஆள் உண்டாம். அதற்குப் பேர்தான் ஹார்மோன் என்று அக்காள் சொன்னாள், உடம்புக்குள் ஓடிப்போய் அந்தந்த இடத்தில் அந்தந்தச் சேதியைச் சொல்வதுதான் அதன் வேலை. நம் கண்டக்டர் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். சித்தேரிப்பாக்கம் வந்துட்டுது, சித்தேரிப்பாக்கம் எல்லாம் எறங்கு என்று கத்தினால்தானே தூங்குகிறவன் எழுவான். இந்த மருந்து என்ன செய்கிறதென்றால், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் ஏறிவிடுகிறதாம், எல்லோரும் இதைத்தான் கண்டக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், இது இறங்க வேண்டிய இடத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. வண்டி போகிறது. வெள்ளையாக இருக்கிற வயலுக்குள் வண்டி போகிறது, சத்தமே இல்லாமல், ஜன்னலோரம் என் பிள்ளை கண்ணாடியில் நெற்றி சாய்ந்து தூங்குகிறான், அவனுக்குப் பின் சீட்டில் எலிகள், வரிசையாக, கைப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கடிக்கவில்லை, எல்லாம் சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன, நான் கீழே நின்று கத்துகிறேன், இறங்குடா, இங்கதான்டா, இறங்கு, என் வாயிலிருந்து விசில் மாதிரி ஒரு காற்று வருகிறது, அவ்வளவுதான். அவன் திரும்பவில்லை. எதைச் சொன்னாலும் திரும்பாதவன்.

ஸ்கூட்டி சத்தம். கண்ணைத் திறந்தால் வெயில் வயல் முழுக்க இறங்கி, அட, இதற்கும் இதே சொல், கொக்குகள் நிஜமாகவே இருக்கின்றன, ஏழெட்டு. ஜெசிந்தா அக்காள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வருகிறாள், மூக்கில் கண்ணாடி பதிந்த தடம். "என்ன மக்கா, தூக்கமா? எத்தனை?" பதினொண்ணுக்கா என்று ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்தாள், அப்புறம் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பையிலிருந்து தாள்களை எடுத்தாள். என் கையெழுத்து, பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட கையெழுத்து, ஒரு நெல், ஒரு நெல், ஒரு நெல்.

"இந்த ஆறுக்கும் ஒரு நெல்லுன்னு எழுதிருக்க. உள்ள ஆணா இருக்கு. அறுக்கதுக்கு முந்தி நான் அளந்தா ஒன்றரை வருது. என்ன நடந்து, சொல்லு பாப்போம்."

சொன்னேன். கட்டம், வாத்தியார், முட்டி, கடித்தால் ஆம்பளை, எல்லாம் சொன்னேன். அவள் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அப்புறம் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், மித்து விழித்துக்கொண்டு அவளையே பார்த்தான். "கடவுளே. எங்க சாருக்கு நான் இத எந்தப் பாஷையில எழுதுவேன்." நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். குரல் மாறிவிட்டது, திட்டுகிற குரல் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மூணு மாசத் தாளையும் தள்ளி வைக்கணும் சத்யா. பரவால்ல, மறுபடி பிடிப்போம். ஆனா ஒண்ணு கேளு. தெரியலைன்னா கட்டத்த காலியா விடு. காலியா இருந்தா நான் வந்து கேப்பேன். நீ நிரப்பி வச்சா நான் எப்படிக் கேக்க முடியும்?"

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. நான் மித்துவைப் பார்த்தேன். அவன் அக்காளின் கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அக்கா, என்றேன். அவன் இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். எத்தனை எலியை இப்படி மல்லாக்கப் பிடித்து இவளிடம் காட்டியிருக்கிறேன். "இந்தப் பக்கம் இல்லக்கா. பொறந்ததுலேர்ந்து. நர்சம்மா கேட்டாங்க, இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு துணியை அவளே மூடினாள். "நான் எலிக்கு டாக்டர் மக்கா, பிள்ளைக்கு இல்ல."

"டிரம்முத் தண்ணியாலயாக்கா?"

"தெரியாது. சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது. எலிய வச்சுப் பிள்ளையச் சொல்லக் கூடாது. எந்த மருந்தும் இல்லாத ஊர்லயும் நூறு ஆண் பிள்ளை பொறந்தா ஒண்ணு ரெண்டுக்கு இப்படி இருக்கும், எங்க சித்தி மவனுக்கே இருந்துது. சின்ன ஆபரேஷன் பண்ணுனாங்க, இப்ப அவன் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கான், ரெண்டு பிள்ளை. ஆனா ஒரு வயசுக்குள்ள பண்ணணும்னு சொல்லுவாங்க. தள்ளிப் போடாதே." அவள் போனை எடுத்துப் பார்த்தாள். "இன்னைக்கு வியாழக்கிழமை. பெரியாஸ்பத்திரில பிள்ளைங்க ஆபரேஷன் டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாங்க, பதினொன்னு வரைக்கும் டோக்கன். ஒம்பதேகால் வண்டி இருக்குல்லா? நான் ஸ்டாப்புல கொண்டு விடுறேன். இதுங்கள நான் அளந்துக்கிறேன். நெல்லு டப்பா எங்க?" எடுத்துக் கொடுத்தேன். "வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் எழுந்து எலிகளிடம் போனாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நம்பரை அழுத்தினேன். மூன்றாம் மணியில் எடுத்தார். பின்னால் கல் அடிக்கிற மிஷின் தடதடவென்று.

"இன்னா சத்யா, எலி கடிச்சிடுச்சா? ஆம்பளையா பொம்பளையா?"

"மாமா, மித்துவுக்கு ஒரு பக்கம் இறங்கல."

"எதுலேர்ந்து இறங்கல? எங்க கீறீங்க, பஸ்ஸுலயா? சத்தமா பேசும்மே!"

சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வேன், அழுகையும் அதோடேயே வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. மிஷின் சத்தத்துக்கு மேலே, வயலில் இருக்கிற கொக்கு எல்லாம் எழுந்து பறக்கிற மாதிரி கத்தினேன், "நம்ம புள்ளைக்கு ஒரு பக்கம் விதை கீழ இறங்கல மாமா! வயித்துக்குள்ளயே கீது! ஆபரேஷன் பண்ணணுமாம்!" அங்கே மிஷின் நின்றது. அவர் நிறுத்தினாரா, தானாக நின்றதா தெரியாது.

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

"உனக்கு எப்போ தெரியும்?"

"மூணரை மாசத்துலேர்ந்து."

யாரோ தணிகா என்று கூப்பிட்டார்கள், இரு என்றார் அவர்களிடம். நான் காத்திருந்தேன், அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும், பதில் கூடத் தயாராக இருந்தது, யாருக்கும் தெரியாதாம் மாமா, யாராலும் சொல்ல முடியாதாம். அவர் அதைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது, வண்டிச் சாவி.

"ஒம்பதேகால் வண்டில ஏறிடு. டோக்கன் போட்டு வை. நான் இப்பிடியே வரேன், மேலெல்லாம் சிமெண்டாதான் கீது, பரவால்ல. ஆனா நான் வரத்துக்குள்ள கூப்டாங்கன்னா உள்ள போய்டாத சத்யா. உனக்குப் பின்னாடி கீறவங்கள முன்னாடி வுட்டுடு. எத்தினி பேர் ஆனாலும் வுட்டுடு. நான் வந்துடறேன்."